பேர் வெட்டின துப்பாக்கி

எங்க மதினி மாரீஸ்வரி இங்கிலீஷ் எழுத்துப் படிச்சது பாத்திரத்தோட அடிப்பக்கத்துல. சிரிக்காதீக, நெசமாத்தான் சொல்றேன். எட்டாப்போட படிப்பை நிறுத்திட்டாக. என் அண்ணன் வீரணனைக் கட்டி கானாடுகாத்தானுக்கு வந்த பெறகு, காரைக்குடியில பழம்பொருள் கடை வச்சிருக்குற சத்தியமூர்த்திகிட்ட, புளி போட்டுப் பித்தளை விளக்குற வேலைக்குப் போனாக. எனாமல் வாளியைக் கவுத்தினா ஸ்வீடன்னு இருக்கும். பீங்கான் ஜாடியைக் கவுத்தினா ஜப்பான்னு இருக்கும். இது என்ன எழுத்து, அது என்ன எழுத்துன்னு கடைக்காரரை நச்சரிச்சு நச்சரிச்சே மதினி படிச்சுட்டாக. இருவத்திரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப மூட்டையைப் பிரிக்கும்போதே இது இன்ன நாட்டுச் சாமான், இன்ன காலம்னு சொல்லிருவாக.

நான் அம்மாக்கண்ணு. இங்க பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு ஊருக்குள்ள பேச்சு. பேசட்டும். மதினியைப் பத்திச் சொல்ல இந்த வாய்தான் வேணும், அவுக தன்னால ஒரு வார்த்தை சொல்லமாட்டாக.

இப்ப அவுகளுக்கு எங்கெங்கிருந்தோ ஃபோன் வருது. பூட்டிக் கெடந்த வீட்டைத் தொறந்தோம், பரண்ல ஒரு துப்பாக்கி கெடக்கு, என்ன செய்யன்னு கேக்குறாக. மதினி சொல்ற பாடம் ஒண்ணே ஒண்ணுதான். கையில எடுக்காதீக. குழல் வாய்க்கு நேரா நிக்காதீக. குண்டு இருக்காதுன்னு நீங்களா நெனைக்காதீக. தொடச்சுப் பளபளப்பாக்குறேன்னு கெளம்பாதீக, இருக்குற முத்திரையும் போயிரும். மொதல்ல ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க. இம்புட்டுத்தான். இதைக் கேட்டுட்டு ஒருத்தர், “நீங்க போலீஸ்ல இருந்தீகளா”ன்னு கேட்டாராம். மதினி, நான் பாத்திரம் விளக்குறவ, அம்புட்டுத்தான்னாகளாம்.

இந்தப் பாடம் ஆறு வருஷத்துக்கு முந்தி வந்தது. கடையில வந்து எறங்கின பித்தளை மூட்டைக்கு நடுவுல ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்துச்சு, குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற பழைய மாதிரி. சத்தியமூர்த்தி ஒடனே போலீஸுக்குச் சொல்லிட்டாரு. போலீஸ் துப்பாக்கிகளைக் கழட்டி மாட்டி வச்சுக்கிற ஆளுக்கு ஆர்மரர்னு பேராம். தங்கச்சாமின்னு ஒரு ஆர்மரர் சிவகங்கையில இருந்து வந்தாரு. மதினி விடுவாகளா. எந்த ஊர்ல அடிச்சது, எப்படிக் காலம் சொல்றது, ஏன் இதுல நம்பர் இல்லைன்னு அவரைத் தொளைச்சு எடுத்துட்டாக. உள்ளூர்க் கொல்லன் அடிச்சதுல நம்பர் இருக்காது, கம்பெனித் துப்பாக்கின்னா நம்பரும் சோதிச்ச முத்திரையும் இருக்கும்னு அவரு சொல்லிருக்காரு. அன்னையில இருந்து ராத்திரி சோறு ஆக்கி முடிச்சா ஃபோன்ல பழைய துப்பாக்கிப் படமா பாத்துக்கிட்டு இருப்பாக. கூட நாலு பொம்பளைக சீரியல் பாக்குறாக, இவுக துப்பாக்கி பாக்குறாக. நான் கேலி பண்ணாத நாள் இல்லை.

அந்தக் கேலியெல்லாம் போன தை மாசம் நின்னுபோச்சு.

எங்க அண்ணன் வீரணன் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். ஏகப்பன் செட்டியார் வீடு. ஏழு பங்காளிகளுக்குச் சேந்த வீடு, ஏழு பங்குக்காரரும் ஏழு ஊர்ல இருக்காக. பத்தொம்பது வருஷமா சாவிக்கொத்து அண்ணன் இடுப்புலதான். மழை பேஞ்சா எந்த ஓட்டுல ஒழுகும்னு செட்டியாருக்குத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியும். மாசியில ஏகப்பன் ஐயாவுக்கு அறுபதாங் கல்யாணம், சாந்தின்னு சொல்லுவாக. அதுக்காக அவரும் அவர் சம்சாரம் தேனம்மை ஆச்சியும் சென்னையில இருந்து வந்து, பங்காளிகளும் வந்து, சாமான் அறையைத் தொறந்தாக. மரப்பெட்டிக்குப் பின்னால மெழுகுத் துணியில சுத்தி ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி. ஐயாவோட பாட்டனார் ரங்கூன்ல இருந்தப்ப வாங்கினது. அவர் செத்தபெறகு யாரும் லைசென்ஸைப் புதுப்பிக்கலை, யாரும் ஒப்படைக்கவும் இல்லை, அப்படியே மறந்துபோயிட்டாக.

ஐயா கையை நீட்டுனதும், “தொடாதீகய்யா, போலீஸுக்குச் சொல்லிருவோம்”னு தடுத்தது எங்க அண்ணன்தான். மதினி சொன்ன பாடம். சொன்னவன் தலையிலதான் வந்து விடிஞ்சுச்சு.

இன்ஸ்பெக்டரம்மா வந்தாக. பழைய லைசென்ஸ் புத்தகம் பெட்டகத்துல இருந்துச்சு. அதுல குழல் அளவு பன்னெண்டு போர், ரெட்டைக்குழல், நம்பர் 24617ன்னு எழுதியிருக்கு. அந்த அம்மா டார்ச் அடிச்சுப் பாத்தாக. விசைக்குக் கீழ ஒரு இரும்புப் பட்டை இருக்கும்ல, அதுலதான் நம்பர் இருக்கணுமாம். அங்குட்டு நம்பரும் இல்லை ஒண்ணும் இல்லை. அரம் போட்டுத் தேச்ச தடம், துரு, ஏதோ கீறல். துப்பாக்கியை நடுவுல மடக்கிப் பாக்கவும் முடியலை, எண்ணெயும் துருவும் இறுகிக்கெடக்கு. உள்ள தோட்டா இருந்தாலும் இருக்கும்னு அந்த அம்மா பலமா இழுக்க விடலை. நம்பரை அழிக்கிறது பெரிய குத்தம், யார் அழிச்சதுன்னு கேட்டாக.

ஏகப்பன் ஐயா நல்ல மனுசர்தான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா பயந்தாங்கொள்ளி. சாந்தி நெருங்குது, போலீஸ் கேசுன்னதும் மனுசனுக்குக் கைகால் ஓடலை. வீட்டு நடு முத்தத்தை வளவுன்னு சொல்லுவாக, அந்த வளவுல பங்காளிகள், சமையக்காரர், பந்தக்காரர் எல்லாரும் நிக்கையில எங்க அண்ணன் பக்கம் விரலைக் காட்டிட்டாரு.

“சாவி பத்தொம்பது வருஷமா இவன்கிட்டத்தான் இருக்கு. எங்க பாட்டன் துப்பாக்கியை வித்துட்டு எதையோ கொண்டாந்து வச்சிருக்கான்.”

எட்டு வருஷத்துக்கு முந்தி அந்த அறையில கரையான் ஏறி, சாவி போட்டும் தொறக்காத பூட்டை அண்ணன் ஒடச்சுச் சாமானைக் காப்பாத்தினான். ஐயாவோட அப்பாகிட்ட ஃபோன்ல கேட்டுட்டுத்தான் ஒடச்சான். அவர் இப்ப உசுரோட இல்லை. அப்ப அதுக்கு என்ன சாட்சி? இன்ஸ்பெக்டரம்மா மரியாதையாத்தான் பேசினாக, ஆனா தெனம் காலையில ஸ்டேஷனுக்கு வந்து உக்காருங்கன்னுட்டாக. ரெண்டு நாள்ல கேசு எழுதணும்னும் சொல்லிட்டாக. சாவிக்கொத்தைப் பங்காளிக வாங்கிக்கிட்டாக.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. பள்ளிக்கூட வாசல்ல, ரேஷன் கடையில, பஸ்ஸ்டாப்புல, பாத்தவக கிட்டயெல்லாம் செட்டியாரைக் கிழிச்சுத் தொங்கவிட்டேன். ஆனா ஒண்ணை மறைக்காமச் சொல்லணும். மறுநாள் காலையில அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் சட்டையை மாட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கான். கரையான் வந்த அதே வருஷம்தான் அவன் வீட்டுக்குத் தளம் போட்டான். என் புத்தியில அது ஓடிக்கிட்டே இருந்துச்சு. வாயை அடக்கியிருக்கலாம்.

“அண்ணே, எங்கிட்ட மட்டும் சொல்லு. வித்துட்டியா?”

அவன் என்னைப் பாத்தான். செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டான். அன்னையில இருந்து எங்கிட்டப் பேசலை. மதினி அடுப்படியில நின்னுக்கிட்டு இருந்தாக. அவுக காதுல விழுந்துச்சு. தளம் போட்டது அவுக கடையில சேத்து வச்ச சம்பளம், அது எனக்கே தெரியும். தெரிஞ்சும் கேட்டேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்.

மதினி என்னை ஒரு வார்த்தை வையலை. வஞ்சிருந்தா தேவலை. முந்தானையை உதறிச் சொருகிக்கிட்டு, “அம்மாக்கண்ணு, சாயந்தரம் சோலி முடிஞ்சதும் வா, பெரிய வீட்டுக்குப் போகணும்”னாக.

அங்க போயி தேனம்மை ஆச்சியைத்தான் பாத்தாக. ஆச்சிக்கு முகம் வாடிக்கெடக்கு, புருசன் சொன்னது அவுகளுக்கும் பிடிக்கலைன்னு பாத்தாலே தெரிஞ்சுச்சு. மதினி கேட்டது ஒண்ணே ஒண்ணு. சாந்திக்கு எடுத்து வச்சிருக்குற பாத்திரத்தையெல்லாம் ஒரு தடவை பாக்கணும். ஆச்சி ஒத்துக்கிட்டாக.

எங்க பக்கம் செட்டியார் வீட்டுச் சாமான் எதை எடுத்தாலும் அதுல பேர் வெட்டியிருக்கும். அண்டாவுல இருந்து கரண்டி வரைக்கும், அந்த வீட்டு ஆளுக பேரோட மொத எழுத்தைச் சேத்து, சின்ன உளியால புள்ளி புள்ளியாத் தட்டி வச்சிருப்பாக. விலாசம்னு சொல்றது. பங்கு பிரிச்சா மாறிப்போகாது, விசேஷத்துக்கு எரவல் குடுத்தா திரும்பி வந்துரும். சில வீட்டுல வருஷமும் வெட்டியிருக்கும். யார் வெட்டினான்னு பேர் இருக்காது, ஆனா புள்ளி தட்டுற விதமும் கடைசியில வைக்கிற அடையாளமும் கையெழுத்து மாதிரி ஆளுக்கு ஆள் மாறும். மதினி அதைப் பாத்துப் பாத்தே காலம் தள்ளினவுக. ஒரு நாழி நேரம் அடுக்கைப் புரட்டிட்டு, அஞ்சடுக்கு பித்தளைத் தூக்கு ஒண்ணைத் தனியா எடுத்து வச்சாக. இதை நாளைக்கு ஸ்டேஷனுக்குக் கொண்டு போகலாமான்னு கேட்டாக. எனக்கு ஒண்ணும் புரியலை, மதினிக்குக் கவலையில மூளை கலங்கிப்போச்சுன்னே நெனச்சேன்.

மறுநாள் நானும் கூடப் போனேன், சத்துணவுக்கு வேற ஆளை வச்சுட்டு. அண்ணன் பெஞ்சுல உக்காந்துருக்கான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கிட்டான். ஏகப்பன் ஐயாவையும் அன்னைக்குக் கூப்புட்டு வச்சிருந்தாக.

மதினி இன்ஸ்பெக்டரம்மாகிட்ட, நான் துப்பாக்கியைத் தொடலை, நீங்களே டார்ச்சை நேரா அடிக்காம சாய்ச்சு அடிங்க, அந்தக் கீறலை மட்டும் பாக்குறேன்னாக. தேஞ்சுபோன பாத்திரத்துல எழுத்துப் படிக்க அவுக அப்படித்தான் செய்வாக. அந்த அம்மா ஏட்டையாவைக் கூப்புட்டாக. பெறகு துணியில வச்சு மேசைக்குக் கொண்டாரச் சொல்லி, குழலைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சு, டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சாக. மதினி குனிஞ்சு பாத்துட்டு, கொஞ்சம் துன்னூறு கெடைக்குமான்னு கேட்டாக. நான் அடக்க மாட்டாம, “இப்ப எதுக்கு மதினி சாமி கும்புடுறீக”ன்னுட்டேன். ஏட்டையா மேசையில இருந்த துன்னூறை அவரே ஒரு விரல் எடுத்து அந்த இரும்புப் பட்டையில லேசா இழுகினாரு. துணியால ஒத்தி எடுத்தாரு.

குழிக்குள்ள மட்டும் வெள்ளையாத் தங்கிப்போச்சு. கீறல்னு நெனச்சது அம்புட்டும் புள்ளி. ஏ. லெ. சா. எழுத்து முடிஞ்ச எடத்துல சின்னதா ஒரு மீன்.

மதினி தூக்கைக் கவுத்துக் காட்டினாக. அதே ஏ. லெ. சா. அதே மீன். பக்கத்துல 1951.

“இது விலாசம் வெட்டுறதுக்கு மட்டம் பண்ணின அரத் தடம்ங்கம்மா. பாத்திரத்துக்கு வெட்டின ஆள்கிட்டயே துப்பாக்கியையும் குடுத்துருக்காக. அவரு எழுத்து உக்காரணும்னு பட்டையை வழிச்சுருக்காரு, நம்பரும் அதோட போயிருச்சு. அம்பத்தொண்ணுல இவுக பொறக்கவே இல்லை.”

இவுகன்னு சொல்லி அண்ணனைக் காட்டினாக. ஏகப்பன் ஐயா எந்திரிச்சு வந்து பாத்தாரு. ஏ. லெ. சா. அவரோட பாட்டன் விலாசம், மனுசனுக்கு வேற யார் படிச்சுக் காட்டணும். திரும்பிப் போயி உக்காந்துட்டாரு.

இன்ஸ்பெக்டரம்மா கெட்டிக்காரி, ஒடனே தலையாட்டிரலை. பேர் வெட்டினது பழசுதான், ஒத்துக்கிறேன், ஆனா வீட்டுல ரெண்டு துப்பாக்கி இருந்துருந்தா? லைசென்ஸ்ல இருக்குற துப்பாக்கி இதுதான்னு எப்படித் தெரியும்னு கேட்டாக. அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

மதினி தூக்கைக் கழட்டி அஞ்சு அடுக்கையும் மூடியையும் வரிசையா வச்சாக. ஒவ்வொண்ணுலயும் பேர்.

“கழட்டுற சாமான் எதுவும் ஒரே எடத்துல பேர் போட்டு விடமாட்டாங்கம்மா, மாறிப்போகும். துப்பாக்கியும் கழட்டுறதுதானே. செஞ்சவன் உள்ள இருக்குற ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டுருப்பான். உள்ள பேர் வெட்டுறவர் கை போயிருக்காது.”

அந்த அம்மா ஒரு அடுக்கை எடுத்துப் புரட்டிப் பாத்தாக. பெறகு சிவகங்கைக்கு ஃபோன் போட்டாக. கேசு எழுதுறதை ஆர்மரர் வந்து பாத்தபெறகு வச்சுக்கலாம்னுட்டாக.

தங்கச்சாமி மறுநாளைக்கு மறுநாள் வந்தாரு. மதினியைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுக்கிட்டு, “பாத்திரக்காரம்மா, இன்னும் எம்புட்டுக் கேள்வி பாக்கி இருக்கு”ன்னு சிரிச்சாரு. எங்களை வெளியில நிக்க வச்சுட்டு, உள்ள ஒரு மணி நேரம் எண்ணெய் விட்டு ஊறப்போட்டு என்னென்னமோ பண்ணினாரு. நான் கொப்புடையம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். அண்ணன் பெஞ்சுல குனிஞ்சு தரையையே பாத்துக்கிட்டு இருந்தான். தோட்டா இல்லைன்னு மொதல்ல குரல் வந்துச்சு. அப்புறம் கூப்புட்டாக.

குழலுக்கு அடியில இருக்குற கட்டையைக் கழட்டி வச்சிருந்தாரு. கட்டையோட இரும்புல 24617. குழலோட அடிப்பக்கத்துல 24617. அது வந்து பொருந்துற எடத்துல 24617. நேத்து வெட்டின மாதிரி தெளிவா இருந்துச்சு. மதினி ஒவ்வொரு எண்ணா வாய்விட்டுப் படிச்சாக, மூணு தடவையும். மூணாவது தடவை குரல் ஒடஞ்சுபோச்சு. இருவத்திரெண்டு வருஷத்துல அவுக அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அதுக்குப் பெறகு எழுத்து வேலை நடந்துச்சு. துப்பாக்கியைச் சுட முடியாதபடி செஞ்சு காட்சிக்கு வைக்க ஐயா மனு குடுத்துருக்காரு, அது நடந்துக்கிட்டு இருக்கு. இன்ஸ்பெக்டரம்மா மதினியோட நம்பரை வாங்கி வச்சுக்கிட்டாக.

எனக்கு வேண்டியது அது இல்லை. ஒரு வாரம் கழிச்சு ஐயாவும் ஆச்சியும் பழத்தட்டோட அண்ணன் வீட்டுக்கு வந்தாக. தப்பா நெனச்சுட்டேன் வீரணா, மனசுல வச்சுக்காத, சாவியை வாங்கிக்கன்னாரு ஐயா. அண்ணன் கையை நீட்டப் போனான். மதினி, “கொஞ்சம் பொறுங்க”ன்னாக.

“ஐயா, திருடன்னு சொன்னது வளவுல. இல்லைன்னு மட்டும் இங்குட்டு வந்து சொன்னா, கேட்டவக காதுல எப்படி விழும்?”

நான் பத்து நாளா ஊரெல்லாம் கத்தினதை மதினி ஒத்த வரியில சொல்லிட்டாக. ஐயா முகம் சிவந்துச்சு. ஆச்சிதான், “அது சரிதானேங்க”ன்னாக.

மறுநாள் வளவுல அம்புட்டுப் பேரும் இருந்தாக. பங்காளிகள், சமையக்காரர், பந்தக்காரர், அன்னைக்கு நின்ன ஆள் ஒருத்தர் விடாம ஆச்சி கூப்புட்டு வச்சிருந்தாக. ஐயா நடுவுல வந்து நின்னாரு. வீரணன் எதையும் எடுக்கலை, எங்க சாமானை இம்புட்டு வருஷமா அவன்தான் காப்பாத்திருக்கான், பயத்துல நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், எல்லார் முன்னாடியும் சொன்னேன், அதனால எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்னாரு. கை கூப்பினாரு. அறுபது வயசு மனுசன் அப்படி நிக்கிறதைப் பாத்து என் கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. அண்ணன், “சரிங்கய்யா”ன்னு சாவியை வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டான்.

நான் தூணோரம் நின்னேன். செட்டியாரை ஊரெல்லாம் நாறடிச்சவ நான். அவர் சொன்னதையேதான் நானும் கேட்டேன். அவரு வந்து நிக்கையில நான் ஒளிஞ்சு நிக்கிறதா? கால் தன்னால நடந்துருச்சு.

“அண்ணே, நானும் சந்தேகப்பட்டேன். வித்துட்டியான்னு கேட்டேன். தப்பு.”

வளவே என்னைப் பாத்துச்சு. பாக்கட்டும். பதினோரு நாளைக்கப்புறம் அண்ணன் எங்கிட்டப் பேசினான்.

“நீ என் மூஞ்சிக்கு நேராக் கேட்ட. வெளிய போயி யார்கிட்டயும் சொல்லலை.”

“அப்ப ஏன் எங்கிட்டப் பேசாம இருந்த?”

“வெக்கமா இருந்துச்சு அம்மாக்கண்ணு. நீயே கேக்குற அளவுக்கு ஆயிப்போனேனேன்னு.”

நான் அங்கனயே உக்காந்து அழுதுட்டேன். மதினி வந்து என் தோளைத் தொட்டு, சாந்திக்கு இன்னும் எரநூறு பாத்திரம் விளக்கணும், அழுதுட்டு வா, புளி ஊறப்போட்டுருக்கேன்னாக.